முயல் ரோமத்தை ஊதிய டாக்டரம்மா

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அடி அண்ணாமலையில் முதல் முயல் பண்ணை போட்டவனும் நான்தான். என் கருப்பு ஜோடிக்கு ஒரு வெள்ளைக்குட்டி பிறந்ததும், கூண்டில் புகுந்த பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக் கடுவன் முயலின் வேலை என்று அந்தக் கடுவனை வெட்டக் கிளம்பினேன்.

அன்று கால்நடை டாக்டரம்மா வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, ஆண்கள் கட்டும் கடிகாரம். எந்த முயலைத் தூக்கினாலும் ரோமத்தை ஊதிப் பார்ப்பார்.

"உங்க ரெண்டு கருப்புக்குள்ளயும் வெள்ளை ஒளிஞ்சிருக்குதுங்க. அந்தக் கடுவன ஏன் வெட்டுறீங்க?"

"எங்கிட்டயே கதை உடுறீங்களாம்மா?"

"நீங்களே கூண்டுக்குப் பூட்டு போட்டுப் பாருங்களேன்."

பூட்டினேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். அடுத்த ஈற்றிலும் ஒரு வெள்ளை பிறந்தது. பக்கத்துக் கடுவன் தலை தப்பியது.

ஆனாலும் நான் விடவில்லை. இன்றும் கருப்பு முயல்களை ஊதிப் பார்க்கிறேன், அடிவரைக்கும் கருப்புதான். அந்தம்மா எதைத்தான் பார்த்தார்?