கண்ணில் பட்டும் காணாத பொதி

கோவில்பட்டியில் ஒரு பஞ்சுப்பேட்டைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. எண்பதுகளின் கடைசி. அதற்கான புரோகிராமை மதுரையில் இருந்து நான்தான் எழுதிக் கொண்டுவந்தேன். பொதியின் நம்பரைத் தட்டினால் அது எந்தக் கிட்டங்கியில் கிடக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். மதுரையில் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

இங்கே வந்ததும் கோளாறு. ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த அக்கா பொதிகளை ஏற்றினார். நான் இருபத்தொன்றைத் தேடினேன். 'இல்லை' என்றது. மொத்தத்தையும் திரையில் ஓடவிட்டால் இருபத்தொன்று பச்சை எழுத்தில் பளிச்சென்று நிற்கிறது. அக்கா தேடினால் உடனே கிடைக்கிறது. நான் ஏற்றியவற்றில் சிலதோ அவர் கைக்கு அகப்படவில்லை.

மிஷின் ஆள் பார்க்குமா? பிளாப்பியை மாற்றினேன். கரண்டு ஏறி இறங்குகிறதோ என்று பார்த்தேன். பஞ்சுத் தூசி என்று விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். எழுதிய வரிகளை மறுபடி மறுபடி படித்ததில் என் எழுத்தே எனக்கு அந்நியமாகிவிட்டது.

முதலாளி பொறுமை இழந்துவிட்டார். "ஏம்மா, நீ பழையபடி கடுதாசி டைப் அடிச்சாப் போதும். இதுல வேற ஆளைப் போட்டுக்கிடுதேன்."

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் என்ன தம்பி செஞ்சேன்? நீங்க சொன்னபடிதான அடிக்கேன்?" என்றார் என்னிடம்.

மறுநாள் மத்தியானம் கரண்டு போனது. அவசரமாக ஒரு இங்கிலீஷ் கடிதம் போகவேண்டும் என்று அக்கா பழைய டைப்ரைட்டரில் உட்கார்ந்தார். வேலையில்லாமல் நான் பக்கத்தில் நின்றேன். '17 பொதிகள்' என்று வருமிடத்தில் அவர் விரல் எண்களின் வரிசைக்குப் போகாமல் நடுவரிசைக்குப் போயிற்று.

"அக்கா, ஒண்ணு எங்கன இருக்கு?"

"ஒண்ணுக்குத் தனியா கட்டை ஏது தம்பி? சின்ன 'எல்' எழுத்தை அடிச்சா அதுதான ஒண்ணு. இன்ஸ்டிட்யூட்ல அப்படித்தான சொல்லித் தந்தாவ."

கம்ப்யூட்டரிலும் அவர் அதைத்தான் அடித்திருக்கிறார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு. கம்ப்யூட்டருக்கோ 'எல்' எழுத்து, '1' எண்.

கரண்டு வந்ததும், நம்பரில் எல் வந்தால் ஒன்றாக மாற்றிக்கொள்ளும்படி நாலைந்து வரி சேர்த்தேன். ஏற்கெனவே ஏறியிருந்தவற்றையும் திருத்தினேன். இருபத்தொன்று எனக்கும் கிடைத்தது.

முதலாளியிடம் விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. "சரி, அந்தப் பிள்ளையே பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. "அப்போ தப்பு என் மேலயா, மிஷின் மேலயா?" என்று கேட்டார்.

"என் மேலதான் அக்கா" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு '1'ஐயும் மேல்வரிசையில் விரலால் தேடிப்பிடித்தே அடித்துக்கொண்டிருந்தார்.