சோளகன் பறந்தபோது கேட்ட விண்

கணேசலிங்கம் இன்று காலை காலமானார். ஏழு மணிக்கு அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். எட்டு மணிக்கு நான் தொண்டைமானாற்றில் அவர் வீட்டுக்குப் புறப்படுவதாக இருந்தேன்... அவருக்குச் சொல்லவேண்டிய ஒரு பதிலோடு.

என்னிடம் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் ஆய்வுகூட உதவியாளர். இருபத்திரண்டு வருடங்கள் என்னோடு வேலை செய்தவர். மற்றவர்களுக்கு... ‘சோளகன்’ முதற்பாகத்தில் நாயகனைப் பறக்கவைத்த மனிதர்.

“இனிமையானவர்” என்று கீழே யாரும் பின்னூட்டம் எழுதவேண்டாம். அவர் இனிமையானவர் அல்லர். கண்ணாடி முகவை உடைந்தால் உடைத்த பிள்ளையை ஏசமாட்டார். அதை ஈரக் கையில் கொடுத்த ரீச்சரைத்தான் ஏசுவார். அந்த ரீச்சர் பெரும்பாலும் நான்.

‘சோளகன்’ எங்கள் பழைய மாணவி துளசி எடுத்த சுப்பர் ஹீரோ படம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் பெயரை வைத்துவிட்டு, வடகிழக்கு வாடைக் காற்றில் படம்பிடிக்கிறாயே என்று அப்போதே கேட்டேன்.

பறக்கும் காட்சிக்கு அவளிடம் எந்த வசதியும் இல்லை. கணேசலிங்கத்திடம் போனாள். அவர் ஆளுயரத்தில் ஒரு பட்டம் கட்டினார்: தலை, தோள், விரித்த கைகள், பின்னால் சிவப்பு மேலங்கி.

அது கடல்நீரேரிக்கு மேலே ஏறியது. ஏறியதும் கூவத் தொடங்கியது.

பழக்கதோஷம்... விண் பூட்டியிருந்தார். பட்டத்தின் தலையில் வில்லாக வளைத்து நாடா இழுத்துக் கட்டுவோமே, காற்றுப் பட்டதும் ஊர் முழுக்க ரீங்காரமிடுமே, அது.

“அண்ணை! சுப்பர் ஹீரோ கூவுறார்! உதை ஏன் பூட்டினனீங்கள்?” துளசி அழாக்குறை.

“பட்டத்துக்கு விண் பூட்டாமல் விடுறதோ பிள்ளை?”

“இது பட்டமில்லை அண்ணை, சோளகன்!”

“நூலைப் பிடிச்சிருக்கிறது நான். எனக்குத் தெரியும் உது என்னெண்டு.”

இறக்கிக் கழற்றுவதற்குள் காற்று விழுந்துவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. மைக்கில் பதிந்த கூவல் பதிந்ததுதான். படத்தில் அப்படியே வந்தது.

யாழ்ப்பாணத்தில் திரையிட்ட அன்று, நாயகன் திரைக்கு வருமுன்பே விண் கேட்டது. அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது. வருவது யார் என்று எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான் கைதட்டவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டாம் பாகம்... கனடாவிலிருந்து உதவி வந்தது, கிராபிக்ஸ் வந்தது. கணேசலிங்கத்தை யாரும் கூப்பிடவில்லை. அப்போது அவருக்கு நெஞ்சுச் சளி முற்றி, முற்றத்தைத் தாண்டினாலே மூச்சு வாங்கியது.

“ரீச்சர், நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. எனக்காகக் கூட்டிச் சொல்லப்படாது.”

“நான் எப்ப ஐசே ஆருக்கும் புள்ளி கூட்டிப் போட்டனான்?”

குறிப்புப் புத்தகத்தோடு போனேன். போன மாதம் இதே பக்கத்தில் நான் எழுதிய ரிவியூ அந்தக் குறிப்புகள்தான்.

நிறைகள் இருந்தன. நீரேரியை மண்போட்டு மூட வரும் வில்லன் ஓரிடத்திலும் கத்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. நாயகி தன்னைக் காப்பாற்ற ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை. சண்டைகளில் யார் யாரை அடிக்கிறார் என்று விளங்கியது... இக்காலத்தில் இது சின்ன விடயம் அல்ல.

குறைகள்: தாய் மூன்று தடவை அழுகிறாள், மூன்றும் ஒரே அழுகை. இடைவேளைக்குப் பின் கதை முக்கால் மணிநேரம் நகரவில்லை. சோளகன் நீருக்கு மேலே பறக்கிறான், நீரில் நிழல் விழவில்லை. முதற்பாகத்தில் பட்டத்துக்கு நிழல் விழுந்தது.

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கணேசலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

“விண் கேட்டதோ ரீச்சர்?”

“இல்லை. இடி மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கினம்.”

“ஆரும் கை தட்டினவையோ?”

“ஒருத்தரும் தட்டேல்லை.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “விண் இல்லாமலும் ஏறும் ரீச்சர். ஆனால் ஏறினது ஆருக்குத் தெரியும்?”

அந்த வசனத்தையும் ரிவியூவில் சேர்த்தேன், அவருடைய பெயரோடு. என் பெயருக்குக் கீழே அதைவிட நல்ல வசனம் வந்ததில்லை.

துளசி கோபிப்பாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மைக்கோடு கணேசலிங்கத்தின் வீட்டுப் படலை வாசலில் நின்றாள்.

“அண்ணை, ஒருக்கால் விண் பூட்டித் தருவீங்களோ? சத்தத்தை மாத்தித் திரும்பப் போடப்போறன்.”

“முதலே கேட்டிருக்கலாம்,” என்றார். ஆனால் விண்ணுக்கான நாடாவை அன்றைக்கே வார்ந்து முடித்தார்.

அவரால் பட்டம் ஏற்ற முடியவில்லை. நீரேரிக் கரையில் கதிரை போட்டு உட்காரவைத்தோம். மகள் நூலைப் பிடித்தாள். அவர் இருந்த இடத்திலிருந்தே ஏசினார். “விடு, விடு... இப்ப பிடி! விசரி, இப்ப விடு!” அன்று அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

நேற்றுப் பிற்பகல் மாற்றிய பிரதியைத் திரையிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுக் காலையில் வந்து சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

கடைசிக் காட்சியில், ரீங்காரத்துக்கு அடியில், “விடு, விடு” என்று ஒரு மெல்லிய குரல். வெட்ட மறந்துவிட்டாயா என்று துளசியிடம் கேட்டேன்.

“மறக்கேல்லை ரீச்சர்,” என்றாள்.

நாயகனுக்கு இன்னமும் நிழல் இல்லை. தாய் இன்னமும் மூன்று தடவை அழுகிறாள். முப்பத்தேழு வருடங்களில் நான் யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. இந்தப் படத்துக்கும் இல்லை.

அந்த ஒலிக்கு மட்டும் போடுகிறேன்.

கிரியைகள் நாளை பத்து மணிக்கு, வீட்டில். மாலைகள் வேண்டாம் என்று மகள் சொல்கிறாள்.

கணேசலிங்கம்... கேட்டது. கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. இந்தமுறை நானும் தட்டினேன்.