பட்டு நூல் போட்ட கை

வலது மார்பில் புற்று வந்து, அதை அறுத்து எடுத்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அறுத்தால் கை வீங்கும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதத்தில் வலது கை ரவிக்கைக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிப் போயிற்று. அப்போது கல்கத்தாவில், பாலிகஞ்சில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் உத்தியோகம். கை வலிக்கிறது என்றால் அவரிடம் ஒரே பதில்தான்: "உசிரோட இருக்கியே, அதுக்குச் சந்தோஷப்படு." உயிர் இருப்பதால்தானே ஐயா வலிக்கிறது!

அறுவை செய்த வங்காளி டாக்டரே புது வைத்தியம் ஒன்று சொன்னார். சீமையில் கண்டுபிடித்ததாம். மணிக்கட்டிலிருந்து தோள் வரை தோலுக்கடியில் பட்டு நூல் ஓட்டிவிட்டால், தேங்கிய நீர் நூல் வழியே வடிந்துவிடுமாம். அத்தனையும் என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னார். நானும் என் கையும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் மாமியார் கேட்டது ஒன்றுதான்.

"நூல் எதுலடா?"

"பட்டும்மா."

"பட்டுன்னா மடிதான். போட்டுக்கட்டும்."

நூலின் ஆசாரத்தை விசாரித்தார்கள். கைக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். என் தலையை நானே பின்னிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நூல் போட்டார்கள். கட்டுப் பிரித்தபோது கை நிஜமாகவே வற்றியிருந்தது. டாக்டர் நாடாவால் கையைச் சுற்றி அளந்தார். பத்து அங்குலம். நோட்டில் எழுதிக்கொண்டார். நான் தலை பின்னிக்கொண்டேன்.

நூல் போட்ட ஏழாம் மாதம் கை முன்னைவிட மோசமாக வீங்கியது. ஓரிடத்தில் நூல் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த வாரம்தான் வீட்டுக்காரர் பெருமையாக வந்து சொன்னார், "டாக்டர்கள் சபையில நம்ம டாக்டர் உன் கையைப் பத்திப் பேசப்போறாராம். குணமாயிடுத்துன்னு."

அந்தப் பேச்சை நம்பி இன்னும் எத்தனை பெண்களுக்கு நூல் ஓட்டுவார்கள்? குதிரை வண்டி பிடித்து, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும் என்று வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னார். நாடா மேஜைமேலேயே கிடந்தது. அதை எடுக்கவில்லை.

"மாபுன்" என்றேன். அளங்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நான் கற்ற வங்காளி பாஷை.

டாக்டர் திடுக்கிட்டார். "வாயை மூடு" என்றார் வீட்டுக்காரர்.

நாடாவை இடது கையால் எடுத்தேன். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, நானே சுற்றி அளந்தேன். பதினாலரை அங்குலம். நோட்டை டாக்டர் பக்கம் தள்ளினேன்.

"லிகுன்." எழுதுங்கள்.

அவர் பேனாவைத் தொடவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்: பதினாலரை அங்குலம்.