பதினோரு ஒயர்கள்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்தோம். குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். மதியம் ஒன்றிலிருந்து நாலுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். முப்பது நிமிடத்தில் நின்றுவிடும். முதல் ஐந்து நிமிடம் செம்மண் கலங்கல். அதை விட்டுவிட்டுத்தான் தொட்டிக்கு டியூப் மாட்ட வேண்டும்.

நான் ஆபீசில் இருப்பேன். வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்த என் மனைவி மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்க வேண்டும், குடம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ குழாயடியிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அதற்காகத்தான் அந்த மணியைச் செய்தேன். குழாய்க்குக் கீழே ஒரு டம்ளர், அதில் இரண்டு ஒயர் முனைகள். தண்ணீர் அவற்றைத் தொட்டால் அடுக்களை அலமாரியில் மணி கத்தும். மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த துளைப் பலகையில் இரண்டு டிரான்சிஸ்டரையும் மற்றவற்றையும் ஜம்பர் ஒயர்களால் இணைத்திருந்தேன். டெலிபோன் கேபிள் துண்டை உரித்து எடுத்த ஒயர்கள்; மொத்தம் பதினொன்று. துளையில் செருகியதுதான். ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நான்கு ஞாயிறு தள்ளிப் போட்டிருந்தேன்.

அப்படியும் மணியை நம்பி அவள் மதியத்தில் தூங்க ஆரம்பித்தாள்.

ஆயுத பூஜையன்று காலை மணி கத்தியது. முறை தப்பித் தண்ணீர் வந்துவிட்டதோ என்று டியூபை எடுத்துக்கொண்டு ஓடினேன். சத்தம் கேட்டு எதிர் வீட்டம்மாவும் குடத்தோடு வந்துவிட்டார். குழாய் காய்ந்து கிடந்தது. உள்ளே வந்து பார்த்தால், பலகையில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனமும் குங்குமமும். அரிவாள்மனைக்கும் சைக்கிளுக்கும் வைத்தவள் இதற்கும் வைத்திருந்தாள். சந்தனத்தின் ஈரத்தையே தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது மணி.

எரிச்சலில் சத்தம் போட்டேன்.

"உங்க நெத்தியிலயும்தான் வச்சேன். அதுவும்தான் கத்துது" என்றாள்.

முந்தானையால் அவளே துடைத்தாள். நான் ஒயர்களை எண்ணினேன். பதினொன்று. சரி என்று விட்டுவிட்டேன். டம்ளரில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் முறை. ஆபீஸ் விட்டு ஐந்தே முக்காலுக்கு வந்தேன். வாசலில் நான்கு குடம் நிறைந்திருந்தது. தெருமுனை அடிபம்பில் அடித்து, அவளே தூக்கி வந்தது. மணி அடிக்கவில்லை. முப்பது நிமிடத் தண்ணீரும் டம்ளரில் வழிந்து சாக்கடைக்குப் போயிருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"தூங்கிட்டேங்க" என்றாள், தன் தப்பு போல.

பலகையைப் பார்த்தேன். துடைத்தபோது ஒரு நீல ஒயர் கழன்றிருக்கிறது. அவள் அதை எடுத்துப் பத்திரமாகச் செருகியிருக்கிறாள், ஒரு துளை தள்ளி. நான் எண்ணினேனே தவிர, எது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு எல்லாவற்றையும் வேறு பலகைக்கு மாற்றிப் பதினொன்றையும் பற்றவைத்தேன். பிறகு ஒருமுறைகூட அது தவறியதில்லை. தண்ணீர் முறையன்று எனக்கு லீவாக இருந்தால் பார்ப்பேன்: ஒரு மணிக்கே குழாயடிக்குப் போய், டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். மணிதான் இருக்கிறதே, போய்ப் படு என்பேன்.

"அது அடிக்கட்டும், அப்புறம் படுக்கிறேன்."