பேய்க்கு ஒதுக்கிய நான்கு ஜிபி

செத்துப்போன ஒருவருக்கு நான்கு ஜிபி ரேம் ஒதுக்கிக் கொடுத்த ஒரே ஆள் இந்தப் பூமியில் நான்தான். சிரித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இன்ஜினியரான என் மாப்பிள்ளையும் முதலில் அப்படித்தான் சிரித்தார். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரே வரைந்து கட்டிய வீட்டின் மாடியில் அண்ணி படுத்த படுக்கை. அவரைக் கீழே கொண்டுவர, கீழே ஒரு சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேஸ்திரி வருகிறார். விட்டால் இரண்டு மாதம் கிடைக்கமாட்டார். எந்தச் சுவருக்குள் தூண் இருக்கிறது? யாருக்கும் தெரியாது. தப்பான சுவரில் கை வைத்தால் மாடி அண்ணியோடு கீழே வந்துவிடும்.

வரைபடம் அண்ணனின் பழைய டிஸ்க்கில் இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருள் என் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அந்த டிஸ்க்கை அதில் ஏற்றினேன். காலை ஒன்பதிலிருந்து எண்ணூறு முறை அது நின்றுபோய் நீலத்திரை வந்தது. சரி, முப்பது முறை.

மணி 2:40. மாப்பிள்ளையை வீடியோ காலில் பிடித்து, போனைத் திரையைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன்.

"டிஸ்க்கை சாட்டாங்கற புது இணைப்புல மாட்டியிருக்கீங்க மாமா. ஐடிஇன்னு பழைய இணைப்பு இருக்கும், அதுக்கு மாத்துங்க. ரேம் நாலு ஜிபி குடுங்க. பிச்சைக்காரனுக்குப் போடுற மாதிரி போடாதீங்க."

மாற்றினேன். 2:52. அண்ணனின் பழைய திரை எழுந்தது. வரைபடம் தானாகத் திறந்தது. நான் தொடவில்லை.

"மாப்ள... அம்புக்குறி தானா நகருது."

"மவுஸ் அந்த உள் மெஷின்ல மாட்டியிருக்கும். பிடுங்குங்க."

பிடுங்கினேன். நகர்ந்தது.

"கீபோர்டுலயே மெஷினை நிறுத்தி வைக்கிற 'பாஸ்' கட்டளை குடுங்க. எல்லாம் உறைஞ்சிடும்."

கொடுத்தேன். திரை சாம்பலாகியது. உள்ளே கடிகாரம் 2:58இல் நின்றது.

அம்புக்குறி நிற்கவில்லை...

இடிக்க இருந்த சுவரின் நடுவே போனது. மெதுவாக... ஒரு சிவப்பு வட்டம்.

சேமிக்கும் பொத்தான் மேல் டக்... டக்.

எதையும் இரண்டு தடவை சேமிப்பது அண்ணன் பழக்கம்.

"அண்ணா..."

திரை அணைந்தது.

போனும் கட்டாகியிருந்தது. "நெட் போயிடுச்சு மாமா, நான் ஒண்ணும் பாக்கல" என்றார் மாப்பிள்ளை, சாயங்காலம்.

மறுநாள் அந்தச் சுவரில் சின்னதாக ஓட்டை போடச் சொன்னேன். விரல் தடிமனில் கம்பிகள். மேஸ்திரி உளியைக் கீழே போட்டுவிட்டார். எதிர்ச்சுவரிலும் ஓட்டை போட்டுப் பார்த்தோம், வெறும் செங்கல்; அதை இடித்தோம். அண்ணி பத்திரமாகக் கீழே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து டிஸ்க்கை ஒரு மணி நேரம் குடைந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அந்த ஃபைலோட சைஸ் சைபர் மாமா. பெரிய மாமா போறதுக்கு முன்னாடியே அழிஞ்சிருக்கு. திறந்தா வெறும் வெள்ளைத் திரைதான் வரணும்."

"அப்போ நான் பாத்தது? ரேம் கோளாறா மாப்ள?"

அவர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அன்னிக்கு நெட் போகல மாமா. பயத்துல நான்தான் கட் பண்ணேன்... அந்த வட்டம் போட்டதை நானும் பாத்தேன்."