மகேஷுக்கு வந்த நன்றி அட்டை

என் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி ஓர் அட்டை வந்தது. அன்றிலிருந்து மனுஷன் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

அவர் பெயர் மகேஷ். ஹவுராவில் இரும்பு உத்தரம் செய்யும் ஒரு பட்டறையில் கிரேன் ஓட்டுகிறார். மேலே கூண்டில் இவர். கீழே நின்று கையால் சைகை காட்டுபவர் நிர்மல்தா; இங்கே அண்ணனைத் 'தாதா' என்பார்கள், பெயரோடு சேர்த்தால் 'தா'. பதினொரு வருஷ ஜோடி. கீழே கை அசையாமல் மேலே லீவர் அசையக் கூடாது. இரண்டு கையையும் தூக்கினால், எதுவானாலும் உடனே நிறுத்து என்று அர்த்தம்.

துர்கா பூஜை முடிந்ததும் பட்டறையில் ஒரு பெட்டி வைத்தார்கள். கூட வேலை செய்கிறவருக்கு நன்றி எழுதி அதில் போட வேண்டும். சும்மா எழுதினால் செல்லாது, எதற்கென்று காரணம் வேண்டும். சனிக்கிழமை டீ நேரத்தில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வாசித்து உரியவரிடம் கொடுப்பார். இது என்ன கூத்து என்று முதலில் சிரித்தவரே என் வீட்டுக்காரர்தான்.

அப்புறம் நிர்மல்தாவின் அட்டை வந்தது. பெங்காலியில் இருந்தது, இவருக்கு அது அரைகுறை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் நான்தான் படித்துச் சொன்னேன். 'மேலே மகேஷ் இருக்கிறான் என்ற தைரியத்தில் பதினொரு வருஷமாகக் கீழே நிற்கிறேன். அதற்கு நன்றி.'

பெருமையாக ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பிய்த்து எடுத்தார். மறுபடி ஒட்டினேன், மறுபடி பிய்த்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவதும், பால்கனிக்கும் வாசல் கதவுக்கும் நடப்பதுமாக இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? நல்லதாதானே எழுதியிருக்காரு?"

"குத்திக்காட்ட எழுதலடி. நெசமாவே எழுதியிருக்காரு. அதான் தாங்கல."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன மாதம் ஒருநாள், நிர்மல்தாவின் கை எழும் முன்பே இவர் லீவரைத் தள்ளிவிட்டார். அடுத்த சைகை என்ன என்று தனக்குத் தெரியாதா என்ற மெத்தனம். கீழே வெல்டர் ரோஹித் கையுறையை எடுக்கக் குனிந்திருந்தார். நிர்மல்தா இரண்டு கையையும் தூக்கினார். இவர் சட்டென்று நிறுத்தியதில் உத்தரம் ஆடி, ரோஹித் மேல் படாமல் தூணில் மோதி வளைந்தது. தப்பான சைகை காட்டியதாக நிர்மல்தாவுக்கு மெமோ. இவர் வாயைத் திறக்கவில்லை. அவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் நிர்மல்தாவின் கான்ட்ராக்ட் முடிகிறது. மெமோ வாங்கியவரை மறுபடி எடுக்க மாட்டார்கள்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. "பேசாம இருங்க. உங்களக் கிரேன்லேருந்து எறக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றுதான் முதலில் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. துணி மடித்தாலும் காய் நறுக்கினாலும் அந்த ரோஹித் குனிந்தபடியே கண்முன் நின்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் இவர் ஒரு வெற்று அட்டையை என் முன்னால் வைத்தார்.

"எனக்கு பெங்காலி எழுத வராது. நீ எழுது."

"ஹிந்தில நீங்களே எழுதுங்களேன்."

"அவரு எனக்கு அவரோட பாஷைல எழுதினாரு. நானும் அதுலயே சொல்லணும்."

எழுதினேன். பயம், கோபம் எல்லாமாகச் சேர்ந்து எழுத்து கோணிக்கொண்டு போனது. 'அன்று சைகைக்கு முன்பே கிரேனை நகர்த்தியவன் நான். ரோஹித்தைக் காப்பாற்றியது உங்கள் கை. என்னையும் அதுதான் காப்பாற்றியது. நன்றி.'

சனிக்கிழமை அதை வாசித்தபோது யாரும் கைதட்டவில்லையாம். இவர் எழுந்து, "தாதா, அன்னிக்கே சொல்லாத நான் ஒரு மனுஷனா" என்று ஹிந்தியில் தன்னைத்தானே திட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். எதிரே நிர்மல்தா எழுந்து இரண்டு கையையும் தூக்கினாராம். இவர் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டார்.

மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இவரை மூன்று மாதத்துக்குக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது நிர்மல்தாவின் பக்கத்தில் நின்று உத்தரத்துக்குச் சங்கிலி மாட்டுகிறார். மேலே இருக்கும் புது ஆள் அவசரக்காரராம். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் பால்கனிக்கும் கதவுக்கும் நடக்கிறார். ஆனால் நிர்மல்தாவின் அட்டையை இந்த முறை ஃபிரிட்ஜில் ஒட்டியது அவர்தான்.