நடுக்கடலில் நான் கைதட்டினேன்

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் குடும்பமாகக் கோவாவுக்குப் போயிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், காலேஜ் படிக்கும் எங்கள் மகள், என் நாத்தனார், அவருடைய கணவர். சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையும் கொஞ்சம் மரவள்ளிக் காடும்தான் எங்கள் பிழைப்பு. பண்ணையைப் போட்டுவிட்டு எங்கேயும் நகர முடியாது. கல்யாணமானதிலிருந்து நான் ஊர் சுற்றியது என்றால் பழனியும் மேட்டூர் அணையும்தான். "டால்பினை செல்போன்லயே பாத்துப் பாத்து நான் கெழவி ஆயிருவேன் போல" என்று மகள் பொருமிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு பங்காளி பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல, கிளம்பிவிட்டோம்.

என் கணவர் முன்பு பல வருஷம் ரிக் வண்டியில் மகாராஷ்டிரா பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவர். இந்தி தண்ணீர் பட்ட பாடு. எங்களில் மற்ற நாலு பேருக்கும் அந்தப் பாஷையில் டீ கேட்கக்கூடத் தெரியாது. ரயில் ஏறியதிலிருந்து அவர் வாய்தான் எங்கள் எல்லோருக்கும் வாய். மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறு. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிற்கும். என் கணவர் அதில்தான் நீந்திப் பழகியவர். மோட்டார் ரூம் மேலே ஏறி அங்கிருந்து தலைகீழாகக் குதிப்பார். அடிவரைக்கும் போய் ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டுவார். முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தால், "கேனு நீந்துதா, நீ நீந்துறயா சாமி?" என்று கேலி செய்யாமல் விடமாட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவரிடம் ஒரு கெட்ட விளையாட்டு இருந்தது. குதித்தவர் வெளியே வரமாட்டார். தண்ணீருக்குள்ளேயே போய், மோட்டார் பைப்புக்குப் பின்னால் பாறையில் இருக்கும் பொந்தில் ஒளிந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பார்.

நான் ஜலகண்டாபுரத்துக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். தண்ணீரைக் குடத்தில் பார்த்ததோடு சரி. கல்யாணமான புதிதில் அவர் இப்படி ஒளிந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. கிணற்று மேட்டில் நின்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். பொந்துக்குள்ளிருந்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அன்று சிரிக்க ஆரம்பித்த சொந்தபந்தம் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. "ஊரைக் கூட்டுன மருமக" என்று எனக்குப் பட்டமே கட்டிவிட்டார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் அதை எடுத்துவிடுவார்கள். அவர் எத்தனை நேரம் முங்கிக் கிடந்தாலும் அதற்குப்பிறகு நான் கத்துவதே இல்லை. கத்தக் கூடாது என்று என்னை நானே பழக்கிக்கொண்டேன்.

சரி, கோவாவுக்கு வருகிறேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் டால்பின் பார்க்கப் போக வேண்டும் என்றார்கள். சின்ன ஃபைபர் படகு. நாங்கள் ஐந்து பேரும் படகுக்காரரும் மட்டும்தான். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, வாரை இழுத்து இறுக்கினார் படகுக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசாத ஆள். ஆற்றுத் தண்ணீர் கடலில் வந்து சேரும் இடத்தைத் தாண்டும்போது மட்டும் கையை நீட்டிக் காட்டி, என் கணவரிடம் என்னவோ நீளமாகச் சொன்னார்.

"என்னங் மாமா சொல்றாரு?" என்றேன்.

"டால்பின் வாரப்ப சத்தம் போடக் கூடாதாம். பயந்துக்கிட்டு ஓடிருமாம்" என்றார் என் கணவர்.

நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டோம்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். நாலா பக்கமும் அமைதி. திடீரென்று பக்கத்திலேயே, லாரியில் ஏர் பிரேக் விட்ட மாதிரி 'புஸ்' என்று ஒரு சத்தம். திரும்பினால் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தண்ணீருக்கு மேலே வளைந்து எழுந்து, அப்படியே உள்ளே போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அதை ஒட்டிக்கொண்டே ஒரு குட்டி!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோழியையும் மாட்டையும் மட்டுமே பார்த்த கண் இது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினாள். நான் அவள் போனை வாங்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் என் கணவர் மிதவைச் சட்டையின் வாரைக் கழற்றினார். இறுக்குகிறதாக்கும் என்று நினைத்தேன். அந்த மிதவைச் சட்டையையே கழற்றிப் போட்டார்.

"மச்சான், எறங்கறீங்களா?" என்று நாத்தனாரின் கணவர் கண்ணடித்தார்.

"டால்பின் கூட நீந்துனேன்னு ஊருக்குப் போய்ச் சொல்லோணுமல்ல மாப்ள!"

படகுக்காரர் திரும்புவதற்குள் குதித்துவிட்டார். கிணற்றில் குதிக்கிற அதே பாய்ச்சல். நாங்கள் கைதட்டினோம்.

கொஞ்சம் தள்ளி மேலே வந்தார். கையைத் தூக்கினார். மறுபடியும் முங்கினார். அடுத்து அவர் தலை தெரிந்தபோது படகிலிருந்து இன்னும் தள்ளிப் போயிருந்தார்.

"அண்ணன் ஆரம்பிச்சிருச்சு பாரு" என்று நாத்தனார் சிரித்தார்.

படகுக்காரர் கத்த ஆரம்பித்தார். முதலில் என் கணவரைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து. ஒரு வார்த்தை புரியவில்லை. புரியவைக்க வேண்டிய ஆள்தான் தண்ணீருக்குள் இருக்கிறாரே! படகை விட்டு இறங்கியதற்குத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் போனை என் கணவர் பக்கமே பிடித்தபடி, இன்னொரு கையை ஆட்டி, "ஒண்ணும் இல்லீங்க, அவருக்கு இது வழக்கமுங்க" என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன், தமிழில். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு எஞ்சின் கயிற்றை இழுத்தார். அது பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தார்.

என் கணவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை, கூப்பிடவில்லை. கை இரண்டும் தண்ணீரை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. டால்பின் மாதிரி செய்து காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொரு தடவை கைதட்டினேன்.

"அம்மா" என்றாள் மகள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்பா மூஞ்சியத் தொடைக்கலம்மா."

கிணற்றில் அவர் எப்போது மேலே வந்தாலும் முதலில் செய்கிற காரியம், உள்ளங்கையால் முகத்தை வழித்து வாயில் இருக்கும் தண்ணீரைத் துப்புவதுதான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் செய்யாமல் இருந்ததில்லை. இப்போது முடியெல்லாம் கண்ணை மறைத்துக்கொண்டு கிடக்கிறது. அவர் அதை ஒதுக்கவே இல்லை.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கத்தாமல் இருந்து இருந்தே பழகிப்போன தொண்டை அது. வெறும் காற்றுதான் வந்தது. மகள்தான் "அப்பா! அப்பா!" என்று அலறினாள். அந்த அலறலில்தான் நாத்தனாரின் சிரிப்பு நின்றது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகு ஒரு அரை வட்டம் அடித்து அவரைப் பார்த்துத் திரும்புவதற்குள் அவர் தலை மறைந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். இங்கே பைப் இல்லை, பொந்து இல்லை, எங்கே ஒளிந்திருப்பார், எங்கே ஒளிந்திருப்பார் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது.

தலை மறுபடியும் தெரிந்தது. படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, கயிறு கட்டிய ஒரு வெள்ளை கேனைத் தூக்கி வீசினார். அது என் கணவரின் தோளுக்குப் பக்கத்தில் போய் விழுந்தும், அவருக்கு அது கண்ணில் படவில்லை. இழுத்து மறுபடியும் வீசினார். இந்தத் தடவை நெஞ்சிலேயே போய் இடித்தது. என் கணவர் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகுக்காரரும் நாத்தனாரின் கணவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். எங்கள் மூன்று பேரையும் எதிர்ப்பக்கம் உட்காரும்படி படகுக்காரர் கையாலேயே விரட்டினார். படகு சாய்ந்த சாய்ப்பில் நாங்களும் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன்.

தூக்கிப் போட்டார்கள். உதடெல்லாம் நீலம். குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தார். ஆனால் அந்தக் கேனை மட்டும் விடவில்லை. மகளும் நானும் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம். படகைச் சுற்றி 'புஸ் புஸ்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படகுக்காரர் என் கணவரின் கன்னத்தைப் பிடித்து ஆட்டி என்னென்னவோ கத்தினார். பிறகு அப்படியே எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, அவரு என்ன சொல்றாரு?" என்றாள் மகள்.

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்பவே சொன்னேனேன்னு சொல்றாரு" என்றார்.

"எப்ப?"

"வாரப்பவே சொன்னாரு. ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள இழுக்கற நேரம், இங்க ஆரும் எறங்கக் கூடாதுன்னு."

சத்தம் போடக் கூடாது என்று இவர் எங்களுக்கு மாற்றிச் சொன்ன சேதி அதுதான்! எங்கள் எல்லோருக்கும் வாயாக இருந்த மனுஷன், எங்கள் உயிருக்கும் சேர்த்துப் படகுக்காரர் சொன்ன பேச்சைத் தன் வாய்க்குள்ளேயே முழுங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். அடிக்கக் கை வரவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"செவுத்தத் தேடுனேன் புள்ள. நம்ம கெணத்துல எங்க கை நீட்டுனாலும் ஒரு செவுரு இருக்குமல்ல. புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவேன். அங்க கைய நீட்டி நீட்டிப் பாக்கறேன், வரவே இல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை பெரிய நீச்சல்காரர் என்றாலும், அவர் வாழ்க்கையில் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர்வரைக்கும் மட்டும்தான் நீந்தியிருக்கிறார். அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"கத்தியிருக்கலாமல்லங் மாமா?" என்றேன்.

"வாயத் தொறந்தா தண்ணிதான் போவுது. உன்னையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." பிறகு, "நீ கைதட்டுன" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது ஊரில் கேட்கிறவர்களிடம், டால்பின் வந்து முட்டித் தூக்கிவிட்டதாக அவர் கதை சொல்கிறார். நாத்தனாரின் கணவர் அதற்குச் சாட்சி வேறு. நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் போன மாசம் கேன் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கிய ஒரு பிள்ளையிடம், "முடிச்சு நல்லா இறுக்கமா இருக்குதா சாமி?" என்று அவர் கேட்டதை நான் கேட்டேன். பொந்தில் ஒளிகிற விளையாட்டும் கோவாவோடு ஒழிந்தது. நான் ஒழித்தேன். கிணற்றில் யார் முங்கினாலும் தலை தெரிகிறவரைக்கும் பேர் சொல்லிக் கத்துகிறேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், பட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த வீடியோ மகள் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என் கணவர் இந்த ஆயுசில் என்னிடம் உதவி என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். அதில் அவர் என்னையே பார்க்கிறார், நான் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. வழக்கம்தானே என்று எந்த முகத்தையாவது தாண்டிப்போகப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டுவிடுகிறது, நான் நின்று இன்னொரு தடவை பார்க்கிறேன்.